நாலு மணி டீ: அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணே,

பெரியப்பா திவசத்தன்று என்னைப் பார்த்ததும் மாடிப்படிக்குப் பின்னால் போனீர்கள். திரும்பி வரும்போது வாயில் புதினா மிட்டாய். பந்தியிலும் என் பக்கத்தில் உட்காராமல் நாலு இலை தள்ளிப் போய் உட்கார்ந்தீர்கள். பொங்கலுக்கு விட்ட சிகரெட்டை மறுபடி தொட்டுவிட்ட சங்கடம் அது என்று எனக்குப் புரிந்தது. என்னிடம் ஏன் ஒளிகிறீர்கள் அண்ணே? நான் நாலு தடவை விட்டு, நாலு தடவை பிடித்தவன். அஞ்சாவது தடவைதான் நின்றது.

பதினோரு நாள் இருந்தீர்கள் என்று அண்ணி சொன்னார்கள். அதைத் தோற்றுப்போனதாக நீங்கள் நினைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. விட்டபின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உடம்பு மிக மோசமாகப் படுத்தும். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனசு நிற்காத நிலை. இவை அடங்க இரண்டிலிருந்து நாலு வாரம் பிடிக்கும். ஒரு மருந்தும் இல்லாமல், ஒருவரிடமும் சொல்லாமல், அந்தக் கொடுமையான நாட்களை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள். எனக்கு முதல் தடவை ஒன்றரை நாள்தான் முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் எங்கே விழுந்தீர்கள் என்று நான் கேட்கவே வேண்டாம். பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடை, நாலு மணி. லேத்தை நிறுத்திவிட்டு, கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவீர்கள். டீ கைக்கு வருமுன்னே கடைக்காரர் ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டிவிடுவார். பக்கத்துக் கம்பத்தில் கட்டிய கயிறு நுனியில் கனன்றுகொண்டிருக்கும். 22 வருஷம் இதே நேரம், இதே இடம். சிகரெட்டில் அடிமையாக்கும் பொருளான நிகோடின் உள்ளே போன பத்து இருபது விநாடியில் மூளையைத் தொட்டுவிடுகிறது. டீயின் வாசம், கயிற்றின் புகை, கண்ணாடி டம்ளரின் சூடு எல்லாவற்றையும் மூளை அதோடு சேர்த்து முடிந்து வைத்திருக்கிறது. இதில் மன உறுதி என்ன செய்யும்? "எனக்கு வைராக்கியம் பத்தாதுடா" என்று இனி சொல்லாதீர்கள்.

இப்போது மூணாகக் குறைத்துவிட்டேன் என்றீர்களாம். குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக, கடைசி வரை இழுக்கிறார்கள். நானும் அப்படித்தான் இழுத்தேன். தேதி குறித்து மொத்தமாக நிறுத்தியபோதுதான் எனக்கு வழி பிறந்தது.

சிகரெட்டை விட மென்று பார்த்த நிகோடின் கம் வேலைக்கு ஆகவில்லை, தொண்டை எரிந்தது, விக்கல் வந்தது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் அதை பபிள்கம் மாதிரி மென்றிருப்பீர்கள், அதுவும் டீயோடு. எல்லோரும் செய்வது இதுதான். நானும் செய்தேன். மெதுவாகச் சில தடவை மெல்ல வேண்டும். நாக்கில் காரமாகச் சுள்ளென்று தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுள்ளாப்பு அடங்கினால் மறுபடி இரண்டு மெல்லல், வேறு பக்கம் ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். மருந்து வாயின் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். எச்சிலோடு விழுங்கினால் வயிற்றுக்குப் போய் எரியும், விக்கும். வாயில் போடுவதற்கு கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது. அவற்றின் புளிப்பு மருந்தை ஏறவிடாது.

இன்னொன்று. 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர்களுக்கு 4 தான் சரி என்பார்கள். நீங்கள் பல் விளக்குவதற்கு முன்பே பற்ற வைப்பவர். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மூன்று மாதத்தில் நிறுத்துவது. உங்களுக்கு பிரஷர் இருப்பதால் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். வரெனிக்ளின், புப்ரோபியான் என்று மாத்திரைகளும் உண்டு. 2024-இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றையும் பரிந்துரைத்திருக்கிறது. சிகரெட்டை விடக் குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டியவை, டாக்டர் சீட்டு இல்லாமல் கூடாது. தம்பி மகன் சொல்லும் இ-சிகரெட் மட்டும் வேண்டாம். 2019-லிருந்து நம் நாட்டில் அதற்குத் தடை.

வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். காலையில் ஒரு தம் போட்டால்தான் வயிறு கழியும் என்பீர்களே, அது பொய்யில்லை. நிகோடின் குடலைத் தூண்டும். விட்டதும் சில நாள் கட்டிக்கொள்ளும். நான் இரண்டாவது தடவை திரும்பப் பிடித்ததே அதற்காகத்தான். வெந்நீர், வாழைப்பழம், கீரை, கொஞ்சம் நடை. சில வாரத்தில் சரியாகிவிடும். அதே மாதிரி, விட்டதும் டீயைப் பாதியாக்குங்கள். புகையில் உள்ள பொருட்கள் டீ, காபியின் கஃபீனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றுகின்றன. புகை நின்றால் அதே ஆறு டீ ஏறக்குறைய இரண்டு மடங்காக வேலை செய்யும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது. பொங்கலுக்கு நீங்கள் விடிய விடிய முழித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பாக்கெட்டில் அந்தக் கோரப் படத்தோடு ஒரு நம்பர் இருக்கிறதே, 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து அச்சடிக்கிறார்கள். இலவசம். தமிழிலேயே பேசலாம், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தென்னிந்திய மொழிகளுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். திட்டுவார்கள் என்று பயந்துகொண்டே நான் அடித்தேன். ஒரு அம்மா, எந்த நேரத்தில் ரொம்பக் கஷ்டம் என்று மட்டும் கேட்டார். தேதி குறிக்கச் சொன்னார். அந்தத் தேதிக்கு அப்புறம் அவரே கூப்பிட்டும் விசாரித்தார். அந்த அழைப்பு வரும் என்பதற்காகவே நான் ஒரு சாயங்காலத்தைப் பிடிக்காமல் ஓட்டியிருக்கிறேன்.

தேதியை நீங்களே சொல்லுங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறேன், ஒரு வாரம் உங்கள் வீட்டிலேயே தங்குகிறேன். நாலு மணிக்கு ஃபிளாஸ்க்கில் அண்ணி போட்ட சுக்கு காபியோடு பட்டறைக்குள்ளேயே இருப்பேன். ரோட்டைத் தாண்ட வேண்டாம். தவிப்பு வந்தால் ஒரு அஞ்சு நிமிஷம் உச்சத்தில் நிற்கும், அப்புறம் இறங்கும். அந்த அஞ்சு நிமிஷத்துக்கு லேத் வேலை எனக்குச் சொல்லிக்கொடுங்கள். சின்ன வயதில் கேட்டபோது கை போய்விடும் என்று விரட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

உங்கள் தம்பி