செல்விக்கு, ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பற்றி

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

இங்கே அனைவரும் நலம். உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் ஆறு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சரோஜா அக்கா பணி ஓய்வு பெற்றுவிட்டார். விழாவில் உன்னையும் அந்த மஞ்சள் நோட்டையும் பற்றித்தான் அதிகம் பேசினார். மற்றவற்றை நேரில் சொல்கிறேன். இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை என்பதுதான்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண், மாவட்ட அளவிலான போட்டி ஒன்றுக்காகக் கீழடியைப் பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதினாள். நானே படித்துப் பார்த்து, இரண்டு சந்திப்பிழைகளை மட்டும் திருத்தி, பெருமையோடு அனுப்பிவைத்தேன். பத்து நாளில் கட்டுரை திரும்பி வந்தது. இரண்டு பத்திகள் ஓர் இணையதளத்தில் உள்ளபடியே இருக்கின்றன, எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு எங்குமே இல்லை, ஆகவே போட்டிக்கு ஏற்க இயலாது என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் செய்ததில் தவறில்லை. ஆனால் அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் நின்று, "நான் திருடவில்லை டீச்சர், படித்ததைத்தானே எழுதினேன்" என்று சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை, செல்வி. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று கற்றுக்கொடுத்திருக்கிறேன். மேற்கோளைத் தனி வரியில் நடுவில் எழுதி அடிக்கோடிடச் சொல்லியிருக்கிறேன். அந்த மேற்கோள் எங்கிருந்து வந்தது என்று எழுதச் சொல்லி ஒரு நாளாவது பாடம் நடத்தியதாக நினைவில்லை. குற்றம் அவளுடையதன்று, என்னுடையது.

அன்று தொடங்கி மூன்று மாலைகள், பள்ளி முடிந்ததும் அவளும் நானும் அந்தக் கட்டுரையை வரி வரியாகப் பிரித்துப் போட்டோம். முதலில் நாங்கள் நின்ற இடம், "கீழடி 2600 ஆண்டுகள் பழமையானது என்று அறிஞர்கள் கூறுகின்றனர்" என்ற வாக்கியம். எந்த அறிஞர்கள் என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள். தேடியபோது, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் போய் நின்றோம். நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியதும், அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்ததும் அங்கே தெளிவாக இருக்கின்றன. மூலத்தைத் தேடிப் போனதால் அவளுடைய வாக்கியமே மாறிவிட்டது. "அறிஞர்கள்" போய், துறையின் பெயரும் ஆண்டும் ஆழமும் வந்து அமர்ந்தன. இதைத்தான் நான் இத்தனை நாள் உணராமல் இருந்திருக்கிறேன்: அடிக்குறிப்பு என்பது கட்டுரை முடிந்தபின் ஒட்டவைக்கும் வால் அன்று, அதை எழுத முயலும்போதுதான் நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பது நமக்கே புலப்படுகிறது.

அடுத்த நாள் வகுப்பு முழுவதற்கும் நச்சினார்க்கினியரின் கதையைச் சொன்னேன். நீயும் நானும் முதுகலை இரண்டாம் ஆண்டில் விடுதி மொட்டைமாடியில் சண்டையிட்ட அதே விஷயம்தான். சீவக சிந்தாமணி உரையில் அவர் எத்தனையோ பழம்பாடல் அடிகளை எடுத்துக்காட்டுகிறார். ஆனால் பெரும்பாலும் நூற்பெயரைச் சொல்லாமல் "என்றார் பிறரும்" என்று முடித்துவிடுகிறார். அவர் காலத்தில் படிப்போருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். பல நூற்றாண்டுகள் கழித்து 1887இல் சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சா.வுக்கு அந்தப் "பிறர்" யார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிற்று. பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகள் கைக்கு வந்தபிறகுதான் பல அடிகளின் பிறப்பிடம் அவருக்குத் தெரிந்தது. இதற்கு நேர்மாறாக, முத்தொள்ளாயிரம் முழு நூலாகக் கிடைக்காதபோதும், புறத்திரட்டு என்ற பழைய தொகைநூலைத் தொகுத்தவர் பாடலோடு நூற்பெயரையும் காப்பாற்றியதால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்கள் இன்று அந்தப் பெயரோடு நம் கையில் இருக்கின்றன. ஒரு பெயரை எழுதிவைப்பதால் ஒரு நூல் பிழைக்கிறது என்று சொன்னபோது, கடைசி வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "இதெல்லாம் வெள்ளைக்காரன் விதி டீச்சர்" என்று ஒருவன் சொன்னதற்கு, பழைய சூத்திரத்தைத் தாம் ஏன் அப்படியே எடுத்தாள்கிறோம் என்பதற்கு "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்று நன்னூலார் காரணம் சொல்வதைக் காட்டினேன். தொல்காப்பியத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும் "என்மனார் புலவர்" வேறென்ன?

இனி என் கவலைகள். முதலாவது பெயர். உன் அண்ணன் மகள் அமெரிக்கப் பள்ளியில் சான்றுகளைக் குறிப்பிடப் பின்பற்றும் எம்.எல்.ஏ. முறையைச் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் வகுப்பே சட்டமன்ற உறுப்பினரை நினைத்துச் சிரித்தது. அதில் ஆசிரியரின் குடும்பப்பெயரை முன்னால் எழுத வேண்டும். நமக்கு ஏது குடும்பப்பெயர்? உ.வே. சாமிநாதையரில் "உ" உத்தமதானபுரம் என்ற ஊர், "வே" தந்தை வேங்கடசுப்பையர். ஒரு பையன் அவரை "உ" வரிசையில் வைத்தான், இன்னொருத்தி "சா" வரிசையில் வைத்தாள். நான் "சாமிநாதையர், உ.வே." என்று எழுதச் சொன்னேன், இயற்பெயரால் அகரவரிசைப்படுத்தி, தலைப்பெழுத்தைப் பின்னால் தள்ளுவதுதான் நமக்குப் பொருந்துகிறது. உங்கள் நூலகத்தில் அப்படித்தானா என்று எனக்குச் சொல். நூற்பட்டியல் அட்டைப் பெட்டியில் ஓர் அட்டை இடம் மாறியதற்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவள் நீ. உன்னைவிட வேறு யாரைக் கேட்பேன்?

இரண்டாவது, செய்யுள். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்பதற்குக் கீழே "சங்க இலக்கியம்" என்று மட்டும் அந்தக் கீழடிக் கட்டுரைப் பெண் எழுதியிருந்தாள். புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் என்று எழுதவைத்தேன். இங்கே பக்க எண்ணைவிடப் பாடல் எண்ணே நல்லது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், பாடல் எண் மாறாது. குறளுக்குக் குறள் எண், சிலம்புக்குக் காதையும் அடியும். ஆனால் குறளுக்கு எண்ணைப் போட்டுவிட்டு, அதன் கீழே மு.வ.வின் தெளிவுரையைச் சொந்த வாக்கியம்போல எழுதிவிடுகிறார்கள். மூலம் வள்ளுவருடையது, உரை மு.வ.வுடையது, இரண்டுக்கும் தனித்தனியே பெயர் வேண்டும் என்பதை ஏற்கவைக்க ஒரு முழுப் பாடவேளை ஆயிற்று.

வடிவமைப்பில் அதிகச் சிக்கல் இல்லை. ஏ4 தாள், நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம், மேலே பக்க எண், ஒன்றரை வரி இடைவெளி. அதற்குக் குறைந்தால் நம் எழுத்தின் கீழ்ச்சுழிகள் அடுத்த வரியில் இடிக்கின்றன. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பிய இருவரின் கட்டுரைகள் என் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தன; யூனிகோடு அல்லாத எதையும் இனி வாங்குவதில்லை. இணையப் பக்கம் என்றால் தலைப்பு, முகவரி, பார்த்த நாள். விக்கிப்பீடியாவைப் படிக்கலாம், ஆனால் அதன் அடியில் இருக்கும் சான்றுகளைத் திறந்து அங்கே சென்று படித்துவிட்டு, படித்ததையே குறிப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொந்த வாக்கியத்தில் மாற்றி எழுதினால் பெயர் சொல்லத் தேவையில்லை என்று பாதி வகுப்பு இன்னும் நம்புகிறது. நாலு சொல்லை மாற்றுவதால் கருத்து நம்முடையதாகிவிடாது என்று எப்படிச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு அதையே செய்கிறார்கள். மதிப்பெண் குறையும் என்று பயமுறுத்தினால் நாளைக்கே சரியாகிவிடும். ஆனால் பயத்தால் எழுதும் அடிக்குறிப்பு எனக்கு வேண்டாம்.

அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இங்கே வா. பாண்டியன் ரயிலில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், நிலையத்துக்கு நான் வருகிறேன். ஒரு நூலின் உள்பக்கத்தில் பதிப்பு, ஆண்டு, பதிப்பகம், ஊர் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பிள்ளைகள் தாங்களே தேடிப் பார்க்க நாற்பது பழைய நூல்கள் வேண்டும். எங்கள் பள்ளி அலமாரியில் பதினேழுதான் தேறின. மீதியை நீ கொண்டுவந்தால் ஒன்றுகூடக் குறையாமல் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு.

அந்தப் பெண் கட்டுரையைத் திரும்ப எழுதி முடித்துவிட்டாள். பன்னிரண்டு பக்கம் ஒன்பதாகக் குறைந்தது. கடைசிப் பக்கத்தில் பதினொரு நூல்களும் அறிக்கைகளும் அகரவரிசையில் நிற்கின்றன. போட்டிக்கான நாள் கடந்துவிட்டது. இருந்தாலும் அதை உனக்குக் காட்ட வேண்டும் என்று பத்திரமாக வைத்திருக்கிறாள். எந்தச் சனிக்கிழமை என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் தேன்மொழி