கைவண்டியோடு வந்த ஐயாவுக்கும், எங்களோடு நின்ற எல்லோருக்கும்

பாடசாலைக் கண்காட்சி முடிந்து இரண்டு நாள் ஆகிறது. விரலில் ஒட்டிய பைண்டர் கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அது போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வாரம் என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற பலருக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேர் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் கீழ்மாடி வகுப்பறையில் நின்றவர்கள். அதனால் அதையெல்லாம் மறுபடி சொல்லவில்லை. தரம் 4 பிள்ளைகள் 34 பேர் ஆறு வாரமாக மட்டையில் செய்த 11 சின்னக் கைவண்டிகளும் வகுப்பறைக்குள் புகுந்த வெள்ளத்தில் போய்விட்டன, கண்காட்சிக்கு நான்கே நாள் இருந்தது. இவ்வளவு போதும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டைக்கு ஓடினேன். மலிபன் வீதியில் மட்டையும் மூங்கில் குச்சியும் பைண்டர் கம்மும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான், அந்தப் பெரிய மட்டைகளை ஒடிக்காமல் எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்தேன். கடைத்தெருவில் சுமை இழுத்துப் பிழைக்கிற ஒரு நாட்டாமி ஐயா தன் கைவண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சக்கரம் உருளாமல் ஒரு செங்கல் துண்டைக் காலால் தள்ளி வைத்துவிட்டு, "வைங்க மிஸ், நான் ஆட்டோ வரைக்கும் கொண்டாந்து தாறேன்" என்றார்.

போகும் வழியில் இவ்வளவு மட்டை எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சின்னப் பிள்ளைகள் கைவண்டி வடிவமைக்கிறார்கள், 400 கிராம் பால்மா பக்கெட் ஒன்றை விழாமல் மூன்று மீட்டர் இழுத்துப்போக வேண்டும், அதுதான் வேலை என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "பிள்ளைங்க ஒரு வண்டிய தூக்கிப் பாத்திருக்காங்களா மிஸ்?"

இல்லை. ஒருவரும் தூக்கிப் பார்த்ததில்லை. கரும்பலகையில் நான் வரைந்த படத்தைத்தான் பார்த்தார்கள். கொட்டாஞ்சேனையில் வளர்கிற பிள்ளைகள், புறக்கோட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, தினமும் இந்த வண்டிகளுக்கு விலகி வழிவிட்டு நடக்கிறார்கள். அதன் கைப்பிடியை ஒரு பிள்ளை பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று இரவு வீட்டில் நான் செய்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நேரம் இல்லை என்ற பதற்றத்தில், 11 வண்டிகளுக்கும் உடம்பை நானே வெட்டிவிட்டேன். அச்சுக்குத் துளையும் நானே போட்டேன். பிள்ளைகள் வந்து சக்கரத்தைப் பூட்டி நிறம் தீட்டினால் போதும் என்று நினைத்தேன். கண்காட்சி மேசை வெறுமையாக இருந்துவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். சின்ன வகுப்பில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். யாருக்காகச் செய்கிறோம் என்று பார்ப்பது, வரைவது, செய்வது, ஓட்டிப் பார்ப்பது, ஓடாவிட்டால் மாற்றுவது என்று பிள்ளை கடந்துவர வேண்டிய வழி முழுவதையும், மேசையைப் பற்றிய கவலையில் பெரியவர்களின் கை எடுத்துக்கொண்டுவிடும்.

புதன் காலை ஏழே காலுக்குப் பாடசாலை வாசலில் அந்த ஐயா நின்றார். வண்டியோடு. புறக்கோட்டையிலிருந்து வுல்பெண்டால் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். காலைதான் அவருக்குச் சுமை கிடைக்கிற நேரம். அந்த வருமானத்தை விட்டுவிட்டு வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதிபர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாயிற்கதவைத் திறக்கச் சொன்னார். முற்றத்தில் சேறு அள்ளிக் கட்டிவைத்த சாக்குகள் கிடந்தன. அதில் நான்கை ஐயா தன் வண்டியில் ஏற்றினார். முதலில் கைப்பிடிப் பக்கம் வைத்தார். மும்மூன்று பேராக வந்து தூக்கச் சொன்னார். தூக்க முடியவில்லை. சாக்குகளை எங்கே மாற்றி வைப்பது என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டார். ஒருவன் எல்லாவற்றையும் பின்பக்கம் தள்ளினான். கைப்பிடி விசுக்கென்று மேலே போனது. அது யாருடைய முகத்திலும் படாதபடி ஐயா ஒரு கையை மேலே பிடித்துக்கொண்டே நின்றார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் விளக்கம் சொல்லப் போனேன். என்னைப் பார்த்துப் பொறுங்கள் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

பொறுத்தேன். ஆறேழு நிமிடம் இருக்கும். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பிள்ளை, "சக்கரத்துக்கு நேரா வச்சா பாரமே இல்ல டீச்சர்" என்றாள். மற்றவர்கள் நம்பாமல் ஒவ்வொருவராக வந்து தூக்கிப் பார்த்தார்கள். சுமை, எத்தனம் (தூக்கக் கொடுக்கிற விசை), பொறுதி (பாரத்தைத் தாங்கித் திரும்புகிற புள்ளி) என்று மேல் வகுப்புகளில் இவர்கள் படிக்கப்போகிறார்கள். அந்தச் சொற்கள் வரும்போது இந்தப் பிள்ளைகளுக்கு உள்ளங்கையில் ஒரு கைப்பிடியின் கனம் ஞாபகம் வரும்.

பிறகு சாக்குகளை இறக்கி, வண்டியைச் சரித்து அடிப்பக்கத்தைக் காட்டினார். அச்சு அசையவில்லை, சக்கரம் மட்டும் சுற்றியது. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி கத்தினாள்: "நாங்க அச்சையும் ஒட்டினோம், சக்கரத்தையும் ஒட்டினோம். அதான் நம்ம வண்டி இழுபட்டுச்சு!" ஆறு வாரமாக இழுபட்டுக்கொண்டிருந்த வண்டிகள் அவை. இரண்டில் ஒன்றாவது சுதந்திரமாகச் சுற்ற வேண்டும் என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

ஏன் நீங்களே சொல்லிக்கொடுக்கவில்லை என்று பிளேன்டீ குடிக்கும்போது கேட்டேன். "எனக்கும் யாரும் சொல்லல மிஸ். தூக்கித்தான் தெரிஞ்சுது" என்றார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. இரண்டாவது கப் பிளேன்டீ மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

நான் வெட்டிவைத்த 11 மட்டைகளையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். புதனும் வியாழனும் பிள்ளைகள் தாங்களே வரைந்து தாங்களே வெட்டினார்கள். சக்கரத்துக்குப் போத்தல் மூடி. ஆணியைச் சூடாக்கித் துளை போடும் வேலையை மட்டும் நாங்கள் பெரியவர்கள் செய்தோம். துளை எங்கே என்று புள்ளி வைத்தது அவர்கள்தான்: மூடியைத் தாளில் வைத்து வட்டம் வரைந்து வெட்டி, இரண்டு தரம் மடித்து, மடிப்புகள் சந்திக்கிற இடத்தில். துளை நடுவை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் வண்டி நொண்டும் என்று இப்போது அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சில குழுக்கள் எழுதித் தீர்ந்த பேனைகளின் குழாயை வண்டியின் அடியில் ஒட்டி, அதற்குள் குச்சியைச் சுற்ற விட்டார்கள். வேறு சிலர் ஐயாவின் வண்டியைப் போலவே குச்சியை இறுக்கிச் சக்கரத்தைச் சுற்ற விட்டார்கள். எது நல்லது என்று இன்னும் சண்டை.

வெள்ளிக்கிழமை 9 வண்டிகள் பால்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இரண்டு வண்டிகளில் பக்கெட் விழுந்தது. அந்த இரண்டு குழுவும் ஏன் விழுந்தது என்று தாங்களே ஒரு மட்டையில் எழுதி வண்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பெற்றோர் அதிக நேரம் நின்றது அந்த இரண்டின் முன்னால்தான். எனக்கும் அவைதான் மிகப் பிடித்தவை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். காசு பிறகு தாருங்கள் என்று மட்டையைக் கட்டித் தந்த மலிபன் வீதிக் கடைக்காரர், வண்டிச் சட்டங்களுக்கு 10 மில்லிமீட்டர் கனத்தில் பலகைத் துண்டுகளைச் சீவித் தந்து ஒரு சதமும் வாங்காத ஆமர் வீதி மரவேலைக்காரர், சட்டத்தின் மூலைகளில் முக்கோண மட்டை ஒட்டினால் ஆடாது என்று காட்டித்தந்த பெரிய வகுப்பு அண்ணன்மார், தன் வகுப்பறையை மூன்று நாள் எங்களுக்கு விட்டுக்கொடுத்துப் படிக்கட்டில் பாடம் நடத்திய சிங்களப் பிரிவு ஆசிரியை, இரவு பத்து மணி வரை தரை கழுவிய சிற்றூழியர்கள், தங்கள் வீட்டிலும் தண்ணீர் நின்ற நிலையில் 34 பேருக்கும் இடியப்பம் அவித்து அனுப்பிய அம்மாமார், எல்லோருக்கும் தலை தாழ்ந்த நன்றி. உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நேரில் வந்து சொல்கிறேன்.

எனக்கு நானே ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி எந்தத் தவணையிலும், எவ்வளவு அவசரமானாலும், பிள்ளையின் வண்டியை நான் வெட்ட மாட்டேன். எந்தப் பொருளைச் செய்யச் சொன்னாலும், அதை வைத்துப் பிழைக்கிற ஒருவரைப் பிள்ளைகள் முதலில் பார்ப்பார்கள். குடை என்றால் குடை திருத்துபவர். பை என்றால் தையற்காரர். வகுப்புக்கு அவர் வர முடியாவிட்டால் நாங்கள் அவரிடம் போவோம்.

ஐயா, இது உங்களுக்கு. நீங்கள் அன்று போன பிறகு பிள்ளைகள் உங்கள் செங்கல் துண்டைப் பற்றியே பேசினார்கள். சரிவில் நிறுத்தும்போதெல்லாம் குனிந்து அதைத் தேடுகிறீர்களாம், முதுகு வலிக்குமாம். நான் கவனிக்கவே இல்லை. தேர்த் திருவிழாவில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்களே, அப்படி ஒன்று செய்வோம் என்று ஒருவன் சொன்னான். மிஞ்சிய பலகைத் துண்டுகளை ஒட்டி ஆப்பு வடிவில் இரண்டு செய்திருக்கிறார்கள். முதலாவது வழுக்கியது, அடியில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினார்கள். குனியாமல் போடவும் எடுக்கவும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, வண்டியிலேயே தொங்கவிடலாம். கயிற்றின் நீளம் உங்கள் உயரத்துக்குச் சரியா என்று தெரியாமல் ஒரு முடிச்சைத் தளர்வாக விட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மலிபன் வீதி முனைக்கு வருகிறோம். செங்கல் துண்டையும் எடுத்து வாருங்கள் ஐயா, பிள்ளைகள் அதை வகுப்பில் வைக்கக் கேட்கிறார்கள்.