கால் தவறியதா, நாள் தவறியதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கட்டட வேலையில் ஒருவர் இறந்தால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஆறேழு வரியில் செய்தி வருகிறது. ஊரும் வயதும் மாறும். "எதிர்பாராதவிதமாக நிலைதடுமாறி", "கால் தவறி" என்ற சொற்கள் மட்டும் மாறுவதில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை, எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான். ஸ்டேஷனில் சொல்வதை நிருபர் எழுதுகிறார். ஸ்டேஷனுக்கு அந்தச் சொற்கள் சைட்டிலிருந்து போகின்றன. 31 வருடம் சைட் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்படி ஒன்றை நானும் எழுதியிருக்கிறேன்.

ஒரு வணிக வளாகம், தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. ஓனர் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் திறப்பு விழா என்று பத்திரிகை அடித்து, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். மார்கழி பிறந்தால் விழா கிடையாது. தை வரைக்கும் பேங்க் வட்டி சும்மா ஓடும். ஆனால் ஐப்பசி முழுக்க மழை பிடித்துக்கொண்டது. எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும் என்று காட்டும் பார் சார்ட்டில் மழைக்கென்று ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. அதைப் போட்டவனும் நான்தான். வடகிழக்குப் பருவமழை வருடா வருடம் வருகிறது, வருடா வருடம் எங்கள் சார்ட்டுகளில் மட்டும் வருவதில்லை. போன நாட்களை எங்கேயாவது பிடித்தாக வேண்டும். கூலியில் பிடித்தால் ஆள் ஓடிவிடுவான், கம்பியில் பிடித்தால் பில்லில் தெரிந்துவிடும். யாருக்கும் தெரியாமல் பிடிக்க முடிவது காங்கிரீட் இறுகும் நாட்களில்தான்.

கடைசி ஸ்லாப், அதாவது மேல்தளம், 5 மீட்டருக்கு மேல் அகலம். காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-ன்படி 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாபுக்கு 7 நாளில் அடியில் கொடுத்த முட்டு எடுக்கலாம். அதைத் தாண்டினால் 14 நாள். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீம் என்றால் 21 நாள். அதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குச் சொன்ன கணக்கு. நாங்கள் போட்டது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், ஆரம்ப நாட்களில் இன்னும் மெதுவாகத்தான் வலுவேறும். இதெல்லாம் தெரிந்தே, ஒன்பதாம் நாள் பிரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

சென்ட்ரிங் கான்ட்ராக்டருக்கு என்னைவிட அவசரம். காங்கிரீட்டை அடியில் தாங்கும் இரும்பு ஷீட்டுக்கும், ஷீட்டுக்கு முட்டாக நிற்கும் ஜாக்கிக்கும் நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது, அடுத்த சைட்டில் ஆள் காத்திருக்கிறது. பையன்களுக்குச் சதுர அடிக் கூலி. ஒரு ஜாக்கியை இறக்கி, அதன் மேலிருக்கும் ஷீட்டைக் கையில் வாங்கி அடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் முறை. அன்று வரிசையாக எல்லா ஜாக்கியையும் தளர்த்திவிட்டு ஓரத்தில் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். எட்டுப் பத்து ஷீட் ஒரே கொத்தாக வந்தது. நல்ல காலம், ஸ்லாப் நின்றது. கீழே நின்ற பீகார் பையனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இரும்புச் சத்தம் அடங்கி நான் அண்ணாந்து பார்த்தபோது ஸ்லாபின் அடிப்பக்கம் இன்னும் கருத்து ஈரமாக இருந்தது.

விபத்துப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம். "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதினேன். ஓனருக்குச் சௌகரியம், கான்ட்ராக்டருக்குச் சௌகரியம், எனக்கும் சௌகரியம். அந்தப் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

இதை இப்போது கிளறியது என் அண்ணன் மகள். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மெண்டில் எம்.இ. படிக்கிறாள். சைட் பாதுகாப்பு பற்றி ஆய்வு என்று ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்தாள். 'பயிற்சியின்மை', 'ஹெல்மெட் அணியாமை', 'கவனக்குறைவு' என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க் போடச் சொல்கிறது. மார்க்கைக் கூட்டி, வகுத்து, எது முதல் காரணம், எது இரண்டாவது என்று பட்டியல் வரும். இந்தத் துறையில் நம் ஊரில் நான் பார்த்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இந்த அச்சுதான். பதில் எழுதுகிறவர்கள் யார்? என்னைப் போன்றவர்கள், சைட் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து. சாரத்தில் நிற்கிறவரிடம் அந்தத் தாள் போவதில்லை. போனாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பிறகு கவனக்குறைவு முதலிடத்துக்கு வராமல் என்ன செய்யும்?

இது பழைய வியாதி. 1931-ல் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி, 100 விபத்தில் 88 தொழிலாளியின் தவறான செயலால்தான் நடக்கின்றன என்று எழுதினார். அந்த 88 இன்னமும் சேஃப்டி வகுப்புகளில் ஸ்லைடு போட்டுக் காட்டப்படுகிறது. அவர் எண்ணியது எதை? இன்சூரன்ஸ் கோப்புகளையும் தொழிற்சாலை முதலாளிகள் வைத்திருந்த பதிவேடுகளையும். அதாவது, நான் எழுதினேனே, அதே மாதிரியான சொற்களை.

விபத்தைப் பதிவேட்டோடு விடாமல் தோண்டியவர்களுக்கு வேறு கணக்கு கிடைத்திருக்கிறது. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் 100 கட்டுமான விபத்துகளை ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டார்கள். தொழிலாளியோ அவருடைய குழுவோ செய்தது 70 விபத்துகளில் ஒரு காரணம், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆபத்தை முன்கூட்டியே கணித்துச் சமாளிக்க வேண்டிய நிர்வாகத்தின் கோளாறு 84-ல் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் மைக்கேல் பெம் என்பவர் 224 மரணங்களை எடுத்துப் பார்த்தார். அவற்றில் 42 சதவீதத்தில், வரைபடம் போடும்போதே வேலை செய்பவரின் உயிரை யோசித்திருந்தால் ஆபத்தைக் குறைத்திருக்கலாம் என்பது அவர் கண்டது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஓர் அடி உயர்த்தி வரைந்தால், பின்னால் டேங்க் கழுவ ஏறுகிறவனுக்கும் அது காவல்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் நிறைய. 61 பேருக்கும் சேர்த்துக் கால் தவறியது என்று எழுத முடியாதே! அப்போது சொல்லப்பட்டது இடி மின்னல். பிறகு நீதிபதி ரகுபதி கமிஷன் வந்தது, டிசைனும் தூணும் பேச்சுக்கு வந்தன, பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒற்றை ஆள் விழுந்தால் இதில் எதுவும் கிடையாது. 1996-ம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம் பாதுகாப்புக் குழு வைக்கச் சொன்னதுகூட 500 பேர் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். என் சைட்டில் முப்பது பேர் இருந்தால் அதிகம்.

அண்ணன் மகளிடம் கேள்வித்தாளைத் திருப்பிக் கொடுத்து, ஒரு வேலை சொன்னேன். ஒரு மாவட்டத்தில் பத்து வருட விபத்துகளைத் தமிழ் மாதக் கணக்கில் அடுக்கிப் பார். ஆடி பிறக்கும் முன் ஆனிக் கடைசியிலும், மார்கழி பிறக்கும் முன் கார்த்திகைக் கடைசியிலும் என்ன நடக்கிறது என்று பார். என் அனுபவத்தில் அந்த இரண்டு வாரங்களில்தான் வயிற்றைக் கலக்கும். ஆனால் அனுபவம் ஆய்வாகாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும். அவளுடைய கைடு இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தமிழ் மாதத்தை வைத்துப் போட்டால் வெளிநாட்டு ஜர்னலில் எடுக்க மாட்டார்களாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை நிருபர் போகும்போது, விழுந்தவர் ஹெல்மெட் போட்டிருந்தாரா என்பதோடு, அந்தத் தளத்துக்குக் காங்கிரீட் எப்போது போட்டார்கள், திறப்பு விழா எப்போது என்றும் கேட்கச் சொல்லுங்கள். காங்கிரீட் போட்ட தேதியை யாரும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. காங்கிரீட் இறுகத் தண்ணீர் ஊற்றும் நாளை எண்ணுவதற்காகத் தூண்களில் பெயின்ட்டாலோ சாக்பீஸாலோ தேதி எழுதி வைப்பது எங்கள் வழக்கம். போட்டோகிராஃபர் அந்தத் தூணையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும், யாராவது அழிப்பதற்குள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர்,
ஈரோடு.