ஸ்டூடியோ காலத்து ஏக்கமும் ‘ஹெய்ல், சீசர்!’ படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹாலிவுட் ஸ்டூடியோக்களைப் பற்றி எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படங்களை அறிமுகம் செய்து தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் கோயன் சகோதரர்கள் 2016-இல் இயக்கிய ‘ஹெய்ல், சீசர்!’ படத்துக்கு நிறைய இடம் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால், அந்தப் படம் ஒழுங்கும் கட்டுப்பாடும் நிலவிய ஒரு பொற்காலத்துக்குப் பாடப்பட்ட வாழ்த்து என்றும், நடிகர்களும் எழுத்தாளர்களும் ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டிருந்த அந்த முறை இன்றைய திரையுலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. படம் ஏங்குவது அந்தக் காலத்து வேலைத்திறனை நினைத்து. அந்த வேலையை வாங்கிய முறையை அது உள்ளபடியே காட்டி, அதைப் பார்த்துச் சிரிக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் படத்தின் நகைச்சுவையே நழுவிப் போய்விடும்.

கதை நடப்பது 1951-இல். கேப்பிட்டல் பிக்சர்ஸ் என்னும் கற்பனை ஸ்டூடியோவில் எடி மானிக்ஸ் என்ற நிர்வாகி (ஜாஷ் ப்ரோலின்) ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் படும் பாட்டைத்தான் படம் சொல்கிறது. ரோமானியப் போர்வீரன் வேடத்திலேயே முன்னணி நடிகர் (ஜார்ஜ் க்ளூனி) படப்பிடிப்புத் தளத்திலிருந்து கடத்தப்படுகிறார். ஒரு லட்சம் டாலர் கேட்டுக் கடிதம் வருகிறது. இதற்கிடையே நடிகைக்குத் திருமணம் ஆகாமலே கர்ப்பம். கிசுகிசு எழுதும் இரட்டைச் சகோதரிகளின் மிரட்டல். கிறிஸ்துவைத் திரையில் காட்டுவதற்கு நான்கு மதகுருமார்களின் ஒப்புதல் என்று மானிக்ஸுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த மதகுருமார் கூட்டத்தில் கடவுளின் இயல்பு பற்றி ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கையில், ஒருவர் மட்டும் ஓடும் தேரிலிருந்து இன்னொரு தேருக்குத் தாவும் காட்சி நம்பும்படியாக இல்லை என்று குறைபட்டுக்கொள்வார். 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு நெறிமுறைகளின் (ஹாலிவுட் தனக்குத் தானே விதித்துக்கொண்ட தணிக்கை விதிகளின்) கீழ்ப் படமெடுத்தவர்கள் எத்தனை பேரைத் திருப்திப்படுத்த வேண்டியிருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வேலைத்திறன் என்று நான் சொன்னதற்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒரு காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். குதிரை ஏறவும் கயிறு வீசவும் பாடவும் மட்டுமே தெரிந்த ஹோபி டாயில் (ஆல்டன் எஹ்ரன்ரைக்) என்ற கௌபாய் நடிகரை, மேலிடத்து உத்தரவின்படி, சீமான்களின் வரவேற்பறையில் நடக்கும் ஒரு நாகரிகப் படத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். இயக்குநர் லாரன்ஸ் லாரன்ட்ஸ் (ரேஃப் ஃபைன்ஸ்) அவருக்கு ஒரே ஒரு வசனத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். அவ்வளவு எளிதாக இருந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும் என்ற பொருள்படும் அந்தச் சிறு வாக்கியம் ஹோபியின் நாக்கில் ஏறவே மாட்டேன் என்கிறது. இயக்குநர் முதலில் தேனாகப் பேசுகிறார். பிறகு நிறுத்தி நிதானமாக உச்சரித்துக் காட்டுகிறார். பிறகு பொறுமையின் கடைசி இழையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஹோபியோ கொஞ்சமும் முகம் சுளிக்காமல், அத்தனை பணிவோடு, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தவறு செய்கிறார். யாரையும் கேவலப்படுத்தாமல் இருவருடைய பாட்டையும் சிரிக்கும்படி காட்டியிருப்பதே காட்சியின் அழகு. பின்னர் படத்தொகுப்பாளரின் அறையில், பிலிமை ஓட்டிப் பார்க்கும் மூவியோலா இயந்திரத்தில் அதே காட்சியை மானிக்ஸ் பார்க்கும்போது, அந்த வசனம் ‘சிக்கலாக இருக்கிறது’ என்ற அளவுக்குச் சுருங்கியிருப்பதும், அது வியக்கத்தக்க வகையில் பொருந்திப் போவதும், படமெடுக்கும் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்களுக்கே தோன்றக்கூடிய நகைச்சுவை. அதே அறையில் தொகுப்பாளரின் (ஃப்ரான்சிஸ் மெக்டார்மண்ட்) கழுத்துத் துணி இயந்திரத்தில் சிக்கி அவர் மூச்சுத் திணறுவதையும் காட்டத் தவறவில்லை.

சானிங் டேட்டமும் மாலுமிகளும் ஆடும் நடனக் காட்சியும், எஸ்தர் வில்லியம்ஸ் படங்களை நினைவூட்டும் நீர் நடனமும் இதே அன்போடு எடுக்கப்பட்டவை. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் டிஜிட்டலை ஒதுக்கிவிட்டு இந்தப் படத்துக்காக 35 மி.மீ. பிலிமுக்குத் திரும்பியதும் அதனால்தான். ஏக்கம் என்று ஒன்று படத்தில் இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. இதுவரை கட்டுரையாளரோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்த நீர் நடனம் முடிந்த மறுநிமிடமே என்ன நடக்கிறது? கடல்கன்னியாகத் தோன்றிய டீயானா மோரன் (ஸ்கார்லெட் ஜோஹான்சன்) தண்ணீரை விட்டு வெளியே வந்ததும், இன்னும் சில நாள் போனால் அந்த மீன்வால் உடைக்குள் தன் உடம்பு நுழையாது என்று எரிந்து விழுகிறார். அவருக்கு மானிக்ஸும் வழக்கறிஞரும் கண்டுபிடித்துத் தரும் தீர்வு, பெற்ற பிள்ளையை ரகசியமாக இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்னர் அதே பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்வது. இது கோயன் சகோதரர்களின் கற்பனை என்று நினைத்துச் சிரிப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 1935-இல் க்ளார்க் கேபிளுக்கும் லோரெட்டா யங்குக்கும் பிறந்த பெண் குழந்தையை லோரெட்டா யங் பின்னர் தத்தெடுத்ததாகத்தான் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பெண் தன் பிறப்பின் உண்மையை அறிய வளர்ந்து பெரியவளாக வேண்டியிருந்தது. நட்சத்திரத்தின் நடத்தை பற்றிய ஷரத்து ஒப்பந்தத்திலேயே இருந்தது. பெயர் கெட்டால் பிழைப்பு போய்விடும்.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. ஏழாண்டு ஒப்பந்தம் என்று பெயர். ஆனால் அந்த ஏழாண்டு எப்போது முடியும் என்பது ஸ்டூடியோவின் கையில் இருந்தது. இடையில் விலக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, நடிகருக்குக் கிடையாது. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளமில்லாமல் இடைநீக்கம். இடைநீக்கக் காலத்தை ஒப்பந்தத்தின் முடிவில் கூட்டிக்கொள்வார்கள். 1936-இல் பெட்டி டேவிஸ் வார்னர் பிரதர்ஸை எதிர்த்து இங்கிலாந்தில் படம் நடிக்கப் போனபோது, லண்டன் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பின்னர் அதே நிறுவனத்தின் மீது ஒலிவியா டி ஹாவிலாண்ட் வழக்குத் தொடர்ந்து, ஏழாண்டு என்றால் நாள்காட்டியில் உள்ள ஏழாண்டுதான் என்று 1944-இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார். கட்டுரையாளர் திரும்ப வேண்டும் என்று விரும்பும் கட்டுப்பாடு இதுதான் என்பதை அவருக்கு நினைவூட்டுவது கடமை.

படம் இந்த ஏற்றத்தாழ்வைப் போகிற போக்கில் எத்தனை இடங்களில் காட்டுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சிலுவையில் தொங்கிக்கொண்டிருக்கும் நடிகரிடம் ஓர் உதவியாளர் வந்து, நீங்கள் முக்கிய நடிகரா, துணை நடிகரா என்று விசாரிக்கிறார். சூடான காலை உணவா, டப்பாவில் அடைத்த உணவா என்பது அதைப் பொறுத்தது. ‘முக்கிய நடிகர் என்றுதான் நினைக்கிறேன்’ என்ற தயக்கமான பதில் அங்கிருந்து வருகிறது. நாயகனின் கோப்பையில் மயக்க மருந்தைக் கலப்பதும் ஒரு துணை நடிகர்தான் என்பதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை.

இனி, படத்தின் மீது எனக்கு இருக்கும் இரண்டு மனக்குறைகள். முதலாவது, மானிக்ஸ். படத்து மானிக்ஸ் வீட்டுக்குத் தெரியாமல் சிகரெட் பிடித்ததற்காகப் பாவமன்னிப்புக் கேட்கும் பரம பக்தர். உண்மையில் வாழ்ந்த எடி மானிக்ஸ் (1891-1963) எம்.ஜி.எம். நிறுவனத்தின் பொது மேலாளர். நியூ ஜெர்சியின் பாலிசேட்ஸ் பொழுதுபோக்குப் பூங்காவில் அடியாள் வேலையில் தொடங்கி மேலே வந்தவர். நட்சத்திரங்களின் விவகாரங்கள் வெளியே கசியாமல் அமுக்குவதில் பேர் பெற்றவர். அவரை இப்படிச் சாதுவாக்கியிருப்பது கதைக்கு வசதி, வரலாற்றுக்கு அநீதி. (எம்.ஜி.எம். படங்களின் செலவையும் வசூலையும் பதிந்து அவர் வைத்திருந்த பேரேடு இன்று திரைப்பட வரலாற்றாசிரியர்களுக்குப் பெரும் பொக்கிஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமுக்கியவரே ஆவணமும் விட்டுச் சென்றிருக்கிறார்.)

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது. நாயகனைக் கடத்துபவர்கள் கம்யூனிஸ்ட் திரைக்கதை எழுத்தாளர்கள். கடற்கரை மாளிகையில் உட்கார்ந்து, தேநீரோடு சின்னச் சின்ன சாண்ட்விச்சுகளைக் கொறித்தபடி முதலாளித்துவத்தை விளக்குகிறார்கள். இறுதியில் சோவியத் நீர்மூழ்கிக் கப்பலுக்குப் படகில் போகும்போது, எங்கெல்ஸ் என்ற பெயர் கொண்ட நாய்க்குட்டி தாவியதில் பணப்பெட்டி கடலில் விழுந்துவிடுகிறது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆயினும், கம்யூனிஸ்ட் தொடர்பு பற்றி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பதிலளிக்க மறுத்த ‘ஹாலிவுட் பதின்மர்’ என்ற பத்துத் திரைத்துறையினர் 1950-இல் சிறைக்குப் போனார்கள். கதை நடக்கும் அதே 1951-இல் விசாரணை மீண்டும் தொடங்கியது. பலர் கறுப்புப் பட்டியலில் சேர்ந்து வேலை இழந்தார்கள். அவர்களில் ஒருவரான டால்டன் ட்ரம்போ வேறு பெயரில் எழுதிய கதைக்கு 1957 ஆஸ்கர் விழாவில் விருது அறிவிக்கப்பட்டபோது, உரியவர் மேடையேற முடியவில்லை. ஸ்டூடியோ முதலாளிகளே 1947 நவம்பரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் கூடி, பதின்மரை வேலைக்கு வைப்பதில்லை என்று அறிவித்தவர்கள். இந்தச் செய்தி எதையும் தொடாமல் எழுத்தாளர்களை மட்டும் கோமாளிகளாக்கியிருப்பது, எல்லோரையும் சமமாகக் கிண்டல் செய்கிறோம் என்ற சாக்கில் எளிய இலக்கைத் தேர்ந்துகொண்டதாகவே எனக்குப் படுகிறது. அவர்களுடைய அடிப்படைப் புகார், அதாவது எழுதியவனுக்குக் கூலியும் நிறுவனத்துக்கு உரிமையும் என்ற கணக்கு, படத்தில் சொல்லப்படுகிறது என்பது உண்மை. அதைக் கேட்டு மனம் மாறி வந்த நாயகனை மானிக்ஸ் கன்னத்தில் மாறி மாறி அறைந்து படப்பிடிப்புக்கு அனுப்புகிறார். அந்த அறையை ஒழுக்கப் பாடம் என்று கட்டுரையாளர் பாராட்டியிருக்கிறார். எனக்கு அது படத்திலேயே மிகக் கசப்பான இடம்.

அந்த ஸ்டூடியோ முறை ஏன் அழிந்தது என்பதற்கு, நல்லவர்கள் மறைந்துபோனார்கள் என்பது போல ஒரு காரணம் கட்டுரையில் இருந்தது. உண்மைக் காரணம் நீதிமன்றத்தில் இருக்கிறது. எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து பெரும் நிறுவனங்களுக்கு அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 17 சதவீதத்தில்தான் பங்கு இருந்தது. ஆனால், 92 பெரிய நகரங்களின் முதல் வெளியீட்டு அரங்குகளை எடுத்துக்கொண்டால் அவர்கள் பங்கு 70 சதவீதம். நல்ல படம் வேண்டுமானால் நான்கு சாதாரணப் படங்களையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று மற்ற அரங்குகளை நெருக்கினார்கள். 1948 மே 3 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. திரையரங்குகளைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கூடவே தொலைக்காட்சியும் வந்தது. படத்தில், விமானம் செய்யும் லாக்ஹீட் நிறுவனம் மானிக்ஸை நல்ல சம்பளத்துக்கு அழைத்து, சினிமாவுக்கு எதிர்காலமில்லை என்று சொல்வதன் பின்னணி இதுவே.

கட்டுரையில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிய குறிப்பு வந்ததால் ஒரு வார்த்தை. மாதச் சம்பளமும் நேரக் கட்டுப்பாடுமாக டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த நிறுவனம் ஹாலிவுட் முறையை ஒத்தது என்பது சரி. அங்கே 1950-இல் ‘மந்திரி குமாரி’யை இயக்கியவர்களில் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரும் ஒருவர் என்பதும் சரி. ஆனால் ஏற்காடு சாலையில் இன்று நிற்கும் முகப்பு வளைவை மட்டும் பார்த்து அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் மகிழ்ந்திருந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 1948 தீர்ப்பின் வழியே வந்த கட்டுப்பாடுகளை 2020 ஆகஸ்டில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் முடிவுக்குக் கொண்டுவந்தது. ஹாலிவுட்டின் பழைமையான ஈஜிப்ஷியன் திரையரங்கை அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. எம்.ஜி.எம்.மின் பழைய கல்வர் சிட்டி வளாகத்தில் இப்போது இருக்கும் சோனி நிறுவனம் 2024-இல் அலமோ டிராஃப்ட்ஹவுஸ் என்ற திரையரங்குத் தொடரை வாங்கியது. ஆகவே, படத்தை எடுப்பவரே அரங்கையும் வைத்திருக்கும் முறை திரும்ப வருமா என்பது இன்று வெறும் ஏக்கத்துக்குரிய கேள்வியாக இல்லை. இந்த விஷயம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரையோ, விநியோகத் தொழிலில் இருப்பவர் ஒருவரையோ கொண்டு இதைப் பற்றி ஒரு கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி