கடைத் தூணில் தொங்கும் கயிறு

அன்புள்ள அண்ணாச்சி,

நேரிலேயே சொல்லியிருக்கலாம். நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னால், வியாபாரத்தைக் கெடுக்க வந்தவன் போல ஆகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடைத் தூணில் நுனி கனன்றபடி தொங்குகிறதே, அந்தக் கயிற்றைப் பற்றித்தான். நானும் பல வருஷம் அதில் பற்றவைத்தவன். சிகரெட்டை விட்ட முதல் மாதம் உங்கள் கடைப் பக்கமே வராமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போனேன். 'ஏதும் கோபமா தம்பி?' என்று கேட்டீர்கள். கோபமெல்லாம் இல்லை. ஒரு கையில் டீ வந்தால் மற்ற கை தானாகக் கயிற்றுக்குப் போய்விடும், அந்தப் பயம்தான்.

பொது இடத்தில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைத்துத் தரக்கூடாது என்று 2008-லேயே விதி வந்துவிட்டது. கயிறு என்று அதில் எழுதவில்லைதான். புகைக்க உதவும் பொருள் எதுவும் கூடாது என்று மட்டும் இருக்கிறது!

இந்த ஊரில் இதைப் பேசக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. அம்மா பீடித்தட்டை மடியில் வைத்துச் சுற்றிய காசில்தான் நான் படித்தேன். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 2009-10-இல் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 16.2 சதவீதம் பேருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. புகைப்பது, மெல்லுவது எல்லாம் சேர்த்துத்தான். 2016-17-இல் அது 20 ஆகிவிட்டது. அதே காலத்தில் நாடு முழுக்க 34.6-லிருந்து 28.6-க்கு இறங்கியிருக்கிறது. நாமோ ஏறியிருக்கிறோம். புற்றுநோய் என்றால் எல்லோருக்கும் பயம். காசநோயை யாரும் நினைப்பதில்லை. தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை வைத்து டாக்டர் கஜலட்சுமி குழுவினர் செய்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. புகைப்பவர் காசநோயால் சாகும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்காம்.

அப்புறம், சிகரெட்டை உதிரியாக விற்பது. பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு அந்தக் கோரமான படத்தோடு எச்சரிக்கை. கூடவே, விட நினைப்பவர்கள் இலவசமாகக் கூப்பிட 1800-11-2356 என்ற எண். ஒன்று, இரண்டு என்று வாங்கிப் போகிறவர் இரண்டையும் பார்ப்பதே இல்லை. உங்கள் கடையில் அதைத் தினமும் பார்க்கிற ஒரே ஆள் நீங்கள்தான், நீங்களோ புகைப்பதில்லை! பாக்கெட்டுக்குக் காசில்லாத பையனிடம்கூட ஒன்றுக்குக் காசிருக்கும். பள்ளிக்கூட கேட்டுக்கும் உங்கள் கடைக்கும் நூறு கஜம்கூட இருக்காது. அந்தத் தூரத்துக்குள் யாருக்குமே விற்கக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். சீருடையில் வரும் பையன்களுக்கு மிட்டாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பெரிதாக ஒரு அட்டையில் எழுதித் தருகிறேன், கயிறு தொங்கிய ஆணியிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

நாளைக் காலை வருகிறேன். வழக்கம்போல சீனி கம்மி.

இப்படிக்கு,
உங்கள் காலை ஆறரை மணி டீ