நிலா மண் தயாரித்த கதை

அன்பு நண்பா,

நிலவைத் துளைக்கப்போகும் கருவியைச் சோதிக்க ஆற்று மணலை அள்ளிப் போட்டால் ஆகாதா என்று போன கடிதத்தில் கிண்டல் செய்திருந்தாய். ஆகாது. ஆற்று மணல் நீரில் உருண்டு முனை மழுங்கியது. காற்றும் ஓடும் நீரும் இல்லாத நிலவில், விண்கற்கள் மோதி உடைத்த துகள் உடைந்த கண்ணாடிபோலக் கூராகவே கிடக்கிறது.

அதனால் நிலவிலும் உள்ள பசால்ட் (கரிய எரிமலைப் பாறை), அனார்த்தொசைட் (வெளிர் நிறப் பாறை) ஆகியவற்றை அரைத்து, சலித்து, அளவு பார்த்துக் கலந்து, அடுப்பில் ஈரம் போக்குகிறோம். முகமூடி இல்லாமல் அந்த அறைக்குள் யாரையும் விடுவதில்லை. இதெல்லாம் எளிய பாதிதான். துளைக்கருவிக்கு வேதியியல் தெரியாது. மண்ணின் இறுக்கம்தான் தெரியும். நிலவில் மேல் 15 செ.மீ. மண் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிராம், 30 செ.மீ.க்குக் கீழே 1.7க்கும் மேல். அற்ப வித்தியாசம் என்றுதானே தோன்றுகிறது? ஆனால் 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் நிலவில் வெப்பமானிகளைப் புதைக்க 3 மீட்டர் துளைக்க முயன்று, ஏறத்தாழ பாதியோடு நிற்க வேண்டியதாயிற்று. அடியில் மண் அவ்வளவு இறுக்கம்; அரைபட்ட மண் மேலேற வழியின்றித் துளைத்தண்டின் இணைப்புகளில் அடைத்துக்கொண்டது. தண்டின் வடிவத்தை மாற்றிய பிறகு, அடுத்த பயணத்தில் சுலபமாக இறங்கியது.

கொட்டி நிரப்பிய மண்ணில் எந்தக் கருவியும் தேறிவிடும். எனவே மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் தொட்டியை அதிரவைத்து, எடை பார்க்கிறோம். அதிர்வு கூடினால் பெரிய துகள்கள் மேலே வந்துவிடும்; கலவை கெட்டது, மறுபடி முதலிலிருந்து.

போன மாதம் அப்படி நான்கு நாள் பாடுபட்டு நிரப்பிய தொட்டியை வெற்றிட அறையில் வைத்தோம். பொறுமையில்லாமல் பம்பை வேகமாக ஓட்டியவன் நான்தான். துகள்களுக்கிடையே சிக்கியிருந்த காற்று ஒரே மூச்சில் கிளம்பி, மண் பால்போலப் பொங்கிச் சிதறியது. இப்போது பல மணி நேரம் மெல்ல மெல்லக் காற்றை இழுக்கிறோம். நான் பம்பின் பக்கமே போவதில்லை.

அடுத்தது பனி கலந்த மண். 2009இல் நாசாவின் எல்கிராஸ் திட்டத்தில் ராக்கெட் பாகம் ஒன்றை நிலவின் துருவப் பள்ளத்தில் மோதவிட்டபோது, கிளம்பிய பொருளில் எடைக்குச் சுமார் 5.6 சதவீதம் நீர் என்று கணித்தார்கள். அதே அளவு நீரைப் பிசைந்து உறையவைத்தால் மண் கல்லாகிவிடுகிறது. பனித்தூளாகக் கலந்தால் உதிரியாகவே நிற்கிறது. இரண்டு வகையிலும் தொட்டிகள் தயாராகின்றன.

வெள்ளிக்கிழமை முதல் துளை. நீ வந்தால் உனக்கும் ஒரு முகமூடி எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்