புகார் வந்தால்தான் எஞ்சினைத் திறப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெச்சூர் கார் பந்தயங்களில் ஸ்க்ரூட்டினி, அதாவது பந்தயத்துக்கு முன்னும் பின்னும் காரைச் சோதிக்கும் வேலையை, பன்னிரண்டு வருடம் செய்தவன் நான். மற்ற நாட்களில் கோவை கணபதியில் எஞ்சின் பட்டறை. கோவை ரேஸ் ஓட்டுநர் எஸ்.கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-ல் ரேஸ் டிராக் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ரேஸ் பைத்தியம் கூடிவிட்டது. லேத்தில் வேலை பார்ப்பவன், ஐ.டி. கம்பெனியில் இருப்பவன், சம்பளத்தைச் சேர்த்து ஒரு பழைய மாருதி எஸ்டீம் காரை வாங்கி, ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூடு) வைத்து ஓட்டுகிறான். அவர்கள்மேல் உள்ள பிரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பந்தயத்துக்கு முந்தைய சோதனை ஓரளவு நடக்கிறது. ஹெல்மெட், ரேஸ் சூட், ரோல் கேஜ் போல்ட், பேட்டரி கிளாம்ப், மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் எல்லாம் பார்க்கிறோம். ஆனால் நாங்கள் நிறுத்தும் கார் நிற்பதில்லை. ஒருமுறை ஒரு காரில், சீட் பெல்ட் லேபிளில் இருந்த காலாவதி ஆண்டு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பார்வைக்குப் புதிதுபோலத்தான் இருந்தது. வெயிலிலும் வியர்வையிலும் நூல் வலுவிழப்பது கண்ணுக்குத் தெரியாது. "இந்த ஒரு ரேஸ் மட்டும் விடுங்கண்ணா" என்று பையன் கெஞ்சினான். ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, "நம்ம பையன்தானுங்க" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. அப்புறம் பார்த்தால் அந்தக் கார் கிரிட்டில், பந்தயம் தொடங்கும் வரிசையில், நிற்கிறது. யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

பந்தயத்துக்குப் பிந்தைய சோதனை இதைவிட மோசம். எடை போடுவதோடு சரி. நடைமுறையில் எஞ்சினைத் திறக்க வேண்டுமானால், தற்காலிக முடிவைப் பலகையில் ஒட்டிய அரை மணி நேரத்துக்குள் போட்டியாளர் ஒருவர் பணம் கட்டி, எழுத்தில் புகார் தர வேண்டும். நிரூபணமாகாவிட்டால் பணம் போச்சு. கார் தூக்கும் ஒரே ஜாக்கியை மாற்றி மாற்றி வாங்கி, ஒரே லாரியில் காரை ஏற்றி வருகிறவர்கள் இவர்கள். யார் யார்மேல் புகார் கொடுப்பது? எஸ்டீமின் 74 மி.மீ. சிலிண்டரை அரை மி.மீ. போர் பண்ணினாலே, அதாவது குடைந்து அகலமாக்கினாலே, 1298 சி.சி. எஞ்சின் 1316 சி.சி. ஆகிவிடும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்ட்டை மாற்றி அரைத்திருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. ஒழுங்காக வண்டி கட்டியவன் நாலாவதாக வந்து, தன் ஓட்டத்தில்தான் குறை என்று நினைத்து வீட்டுக்குப் போகிறான். அது எனக்குத் தாங்கவில்லை.

புகாருக்குக் காத்திராமல், முதல் மூன்று கார்களில் ஒன்றையும் பின்னால் வந்தவற்றில் ஒன்றையும் பந்தயம் நடத்தும் கிளப்பே சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். வால்வு கவரைக் கழற்றி, டயல் கேஜ் வைத்து கேம் லிப்ட்டை, அதாவது கேம் எவ்வளவு தூக்குகிறது என்பதை, அளக்க, தெரிந்த ஆளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. சந்தேகம் வந்தால் எஞ்சின் ஹெட்டை இறக்கி, போரையும் (சிலிண்டர் அகலத்தையும்) அளக்கலாம். கேஸ்கெட் செலவை நுழைவுக் கட்டணத்தில் எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை கோப்பை மேஜையிலேயே இருக்கட்டும். ஸ்க்ரூட்டினியர் மறுத்த காரை உள்ளே விடுகிறவர், யாராக இருந்தாலும், பெயரும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

டயல் கேஜும் போர் கேஜும் என் பட்டறையில் இருக்கின்றன. எந்தக் கிளப் கூப்பிட்டாலும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

- எஞ்சின் மெக்கானிக், கணபதி, கோவை